சீசன் முடிந்த பிறகும் ஓய்வெடுக்க முடியவில்லை: அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்

தாள்வாசம் (2024 ஜனவரி 28)

நண்பர்களுக்கு வணக்கம். நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 18 ஆண்டுகளாக டிசைனிங், பிளேட் (அச்சுத் தகடு) பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 43. வீடு திருத்தங்கலில் இருக்கிறது. எங்கள் தொழிலை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவோம். அன்று தொடங்கி ஆர்டர்கள் சிறுகச் சிறுக வரும். தீபாவளிக் கணக்கை முடித்த பிறகுதான் பெரும்பாலான கடைக்காரர்கள் எத்தனை காலண்டர் அடிப்பது என்று முடிவு செய்வார்கள் என்பதால், தீபாவளிக்கு அடுத்த வாரம் எல்லா ஆர்டரும் ஒரே நேரத்தில் வந்து விழும். அவை அனைத்தும் டிசம்பர் முடிவதற்குள் அச்சாகி, மேல் விளிம்பில் டின் (தகரப் பட்டை) அடித்து, பார்சலாகி ஊர் போய்ச் சேர வேண்டும். பொங்கல் தாண்டிய காலண்டரைக் கடைக்காரர் வாங்க மாட்டார்.

இந்த முறை நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து பொங்கலுக்கு முந்தைய நாள் வரை, ஞாயிறு உட்பட, காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய் நள்ளிரவு பன்னிரண்டுக்கோ ஒரு மணிக்கோ வெளியே வந்தேன். பிளேட் ஓட வேண்டிய நாட்களில் விடிந்த பிறகுதான் வீடு. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் போக வேண்டிய பார்சல்கள் தேங்கியபோது, அந்தக் கடைக்காரர்களின் தொலைபேசி அழைப்புகளும் என் தலையில் வந்து சேர்ந்தன. தூக்கம் நாளொன்றுக்கு நாலரை மணி நேரத்தைத் தாண்டியிருக்காது. அந்த நாட்களில்தான், அதிகாலை மூன்று மணிக்கு, ஒரு நகைக்கடையின் தினசரி காலண்டர் அட்டையில் தொலைபேசி எண்ணின் ஓர் இலக்கம் மாறியிருந்ததைக் கவனிக்காமல் நானே புரூஃபில் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரிப் பிரதியில்) கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். 4,000 அட்டைகள் லேமினேஷன் முடிந்து அடுக்கப்பட்ட பிறகு தெரிய வந்தது. 18 ஆண்டுகளில் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை.

ஆனால் என் கேள்வி இதைப் பற்றியது அன்று. சீசன் முடிந்துவிட்டது. இப்போது காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரைதான் வேலை, ஞாயிறு விடுமுறை, பள்ளி நோட்டு வேலை சூடு பிடிக்கும் வரை இப்படியே இருக்கும். இந்த நாட்களுக்காக நான் இரண்டு மாதம் காத்திருந்தேன். வந்த பிறகு இவற்றை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரவு இரண்டரை மணிக்கு யாரோ உலுக்கியது போல விழிப்பு வருகிறது, கை கைப்பேசியைத் தேடுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் யாரோ வாசலில் காத்திருப்பது போன்ற பதற்றம். குடும்பத்தோடு திருச்செந்தூர் போனேன். கடற்கரையில் மகள் அலையில் நின்று என்னைக் கூப்பிட்டபோது நான் அச்சகத்தின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் புதிதாக எதுவும் வரவில்லை. சென்ற ஞாயிறு, காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறக்கச் செய்து, பழைய ஃபைல்களை அடுக்கிக்கொண்டு நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு மணி நேரம்தான் இந்த மாதத்தில் மனம் அமைதியாக இருந்த நேரம் என்பது எனக்கு அச்சமாக இருக்கிறது.

இதற்கு வேர் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். என் அம்மா வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டினார். கூலி குரோஸ் கணக்கு. 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். பள்ளி விட்டு வந்ததும் நானும் தங்கையும் பசைக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். யாராவது கையை நிறுத்தினால் அம்மா திட்ட மாட்டார், ஒட்டிய பெட்டிகளை எண்ணத் தொடங்குவார். அந்த எண்ணும் குரல் இன்றும் எனக்குள் கேட்கிறது. சும்மா இருப்பது என்றாலே யாருடைய கூலியையோ நான் குறைக்கிறேன் என்ற குற்ற உணர்வு வருகிறது.

இது நோயா, பழக்கமா? இதிலிருந்து மீண்டவர்கள் எப்படி மீண்டீர்கள்? ஓய்வெடுக்கச் சொல்லி என் வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எப்படி எடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

வைப்பாறு (2024 ஜனவரி 29)

அன்புள்ள தாள்வாசம், விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பொது மருத்துவராக இருக்கிறேன். தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் மூன்றிலும் வேலை செய்கிறவர்களை அன்றாடம் பார்ப்பதால், உங்கள் கடிதத்தில் உள்ள பல வரிகளை நான் வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன்.

நோயா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், வேலையால் வரும் இந்த உள்ளச் சோர்வுக்கு இடம் இருக்கிறது. ஆனால் நோய் என்று அல்ல, பணியிடத்தோடு தொடர்புடைய நிலை என்றுதான் குறிக்கப்பட்டுள்ளது. ஆற்றல் முழுவதும் வற்றிப் போவது, வேலையின் மீது கசப்போ விலகலோ வருவது, முன்பு போல் திறமையாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாகச் சொல்கிறார்கள். உங்களிடம் முதலாவது தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவது இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். தொழிலைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் பிரியம் இருக்கிறது. அது வருவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள் என்பது நல்லது.

தொலைபேசி எண் பிழைக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமான 48 பேரைப் பிரித்து, இரண்டு வாரங்களுக்குச் சிலருக்கு நான்கு மணி நேரமும் சிலருக்கு ஆறு மணி நேரமும் சிலருக்கு எட்டு மணி நேரமும் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதி கொடுத்தார்கள். குறைவாகத் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு வாரத்தின் முடிவில், ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்குத் தாழ்ந்தது. அதில் முக்கியமானது என்று நான் கருதுவது வேறொன்று: தாங்கள் எவ்வளவு மந்தமாகிவிட்டோம் என்பதே அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியவில்லை. நீங்கள் இரண்டு மாதம் நாலரை மணி நேரம் தூங்கியிருக்கிறீர்கள். அந்த அதிகாலையில் புரூஃப் பார்த்த உங்கள் கண்ணுக்கு, தான் சோர்ந்திருக்கிறது என்று சொல்லும் திறன்கூட இருந்திருக்காது.

இரண்டரை மணி விழிப்புக்கு வருவோம். பிளேட் ஓடும் நேரம் என்று உங்கள் உடல் இரண்டு மாதம் அந்த நேரத்தைப் பாடமாகப் படித்திருக்கிறது. சீசன் முடிந்த செய்தி காலண்டருக்குத் தெரியும், உடலுக்குத் தெரியாது. படித்த பாடத்தை மறக்கச் சில வாரங்கள் பிடிக்கும். இதற்கு, படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்துவதைவிட எழும் நேரத்தை நிலைப்படுத்துவது பலன் தரும். இரவு எப்படிப் போனாலும் காலை ஐந்தரைக்கு எழுந்து, விடிந்ததும் வெயில் முகத்தில் படும்படி அரை மணி நேரம் நடங்கள். ஞாயிறன்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். நடு இரவில் விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கால் மணி நேரம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது மீண்டும் படுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

தேநீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் அச்சகத்தில் இரவு வேலை என்றால் எத்தனை டம்ளர் என்று எனக்குத் தெரியும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தேநீரில் உள்ள காஃபின் அந்த அடினோசின் அமர வேண்டிய இடங்களை அடைத்துக்கொள்கிறது. சோர்வு அப்படியே இருக்க, சோர்வைப் பற்றிய செய்தி மட்டும் நின்றுவிடுகிறது. குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே பெரும்பாலானோருக்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். ஆகவே பகல் இரண்டு மணிக்குப் பிறகு தேநீர் வேண்டாம்.

சும்மா இருக்கப் பழகுவதில் நேரடியாக இறங்காதீர்கள். ஓய்வு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களால்தான் ஓய்வில் இறங்க முடிவதில்லை. மனம் வேலையை விட்டு விலகாதபோது நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் உடல் இளைப்பாறுவதில்லை. எனவே கைக்கும் காலுக்கும் வேலை உண்டு, ஆனால் முடிக்க வேண்டிய தேதி கிடையாது என்ற வகையான செயல்களிலிருந்து தொடங்குங்கள். நடப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மகளோடு சமைப்பது போன்றவை. மாலை ஆறு மணிக்கு மேசையை விட்டு எழுமுன், மறுநாள் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி அச்சகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த வாரமே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைக்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம். இதய இரத்தக் குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடு அதிகம். உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் டிசம்பர் மாதம் 55ஐ எவ்வளவு தூரம் தாண்டியது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மனம் மிகவும் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், தயங்காமல் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கட்டிங்மெஷின் (2024 ஜனவரி 29)

நானும் சிவகாசிதான், எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். முதலாளி தரப்பிலிருந்து ஒரு சொல். ஆர்டர் தாமதமாக வருவது எங்கள் கையில் இல்லை என்று நானும் பத்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, இதே போல நடு இரவில் பார்த்த புரூஃபால் ஒரு வேலையை முழுவதுமாக மறு அச்சு அடிக்க நேர்ந்தது. காகிதம், பிளேட், லேமினேஷன், ஆள் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, அந்த மாதம் முழுவதும் இரவு வேலை பார்த்துச் சம்பாதித்த லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிருந்தது. அன்றிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் யாரும் புரூஃபில் கையெழுத்துப் போடக்கூடாது என்று விதி வைத்தேன். பெயர், முகவரி, எண் ஆகியவற்றைத் தருவதற்கு நவம்பர் 30 கடைசி நாள் என்று ஆர்டர் ரசீதிலேயே அச்சிட்டேன். சில ஆர்டர்கள் போயின. போனவற்றில் பாதி மறு ஆண்டு திரும்பி வந்தன. உங்கள் முதலாளியிடம் இழப்புக் கணக்கை முன்வைத்துப் பேசுங்கள் தம்பி. உடல்நலக் கணக்கை முன்வைத்தால் வருத்தப்படுவார், மாற்ற மாட்டார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

பழைய ஆய்வாளர் (2024 ஜனவரி 31)

தொழிற்சாலைகள் ஆய்வுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மருத்துவர் சொன்னதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் திரியில் ஓய்வு என்பது ஒருவர் தன் மனத்தைத் திருத்திக்கொண்டு அடைய வேண்டிய ஒன்றாக மட்டும் பேசப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்று (2024) நடப்பில் உள்ள 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், உற்பத்திப் பணி எது என்று விளக்கும் இடத்திலேயே, அச்சுக் கோப்பதையும் அச்சடிப்பதையும் புத்தகம் கட்டுவதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்யும் அச்சகம் தொழிற்சாலைதான். அதன் 51ஆம் பிரிவின்படி வாரத்துக்கு 48 மணி நேரம், 54இன்படி நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்பது 55. இவற்றுக்கு மேல் வேலை வாங்கினால் 59ஆம் பிரிவின்படி இரட்டிப்புக் கூலி. விலக்கு பெற்ற இடங்களிலும்கூட, மிகைநேரத்தையும் சேர்த்து வாரம் 60 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 64ஆம் பிரிவு எல்லை கட்டுகிறது. வார விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றலாம். ஆனால் ஒரு முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாட்களுக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது 52. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஏறத்தாழ 55 நாட்கள் தொடர்ந்து போயிருக்கிறீர்கள்.

சீசன் என்றால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுவதும் ஓடும் தொழிற்சாலைகளையும் பருவத்துக்கு ஓடும் தொழிற்சாலைகளையும் தனித்தனியாகப் பிரித்து, பருவத் தொழிற்சாலைகளுக்குக் கூடுதல் மணி நேரம் அனுமதித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. சட்டத்திலிருந்து போன சொல் பேச்சில் இன்னும் அதிகாரத்தோடு வாழ்கிறது.

இந்த மணிக்கணக்கு நமக்கு எளிதில் வந்ததும் அன்று. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியதுதான். உலகத்துக்கு வாரம் 48 மணி நேரம் என்று வகுத்த அதிலேயே பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 என்று தனியாக எழுதினார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்த மே நாளன்றே அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இந்தப் போராட்டத்தில் நின்றவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர் என்பதை உங்கள் குற்ற உணர்வு வரும் நேரங்களில் எண்ணிப் பாருங்கள்.

நடைமுறையில் உங்களுக்கு உதவக்கூடியது 79ஆம் பிரிவு. ஓர் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில், செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. உங்களுக்குப் பதினைந்து நாட்களாவது சேர்ந்திருக்கும். எழுதிக் கேளுங்கள்.

முல்லைநிலம் (2024 பிப்ரவரி 2)

அண்ணன், உங்கள் அம்மா பெட்டிகளை எண்ணும் குரலைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். கூட்டம் இல்லாத மதிய வேளையிலும் சுவரில் சாயக்கூடாது. தண்ணீர் குடித்தால் கழிவறை போக வேண்டியிருக்கும் என்று குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வராத பெண் எங்கள் மாடியில் இல்லை. எனக்கு முப்பது வயதிலேயே காலில் நரம்பு சுருண்டுகொண்டது.

2018இல் கேரளத்தில் கடைகளில் நின்று வேலை செய்த பெண்கள் போராடி உட்காரும் உரிமையைச் சட்டமாகப் பெற்றார்கள். 2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவையும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கியது. எங்கள் கடைக்கும் நாற்காலிகள் வந்தன. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்: நாற்காலி வந்த பிறகு முதல் ஒரு மாதம் எங்களில் யாரும் உட்காரவில்லை. யாரும் தடுக்கவில்லை. உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்பது போல இருக்கும், உடனே எழுந்துவிடுவோம். எங்களில் மூத்த அக்கா ஒருவர்தான் முதலில் பழக்கினார். மதியம் மூன்று மணிக்கு நான்கு பேர் சேர்ந்து, ஐந்தே நிமிடம், ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருவோம். தனியாக உட்காரும்போது திருடியது போல இருந்தது, சேர்ந்து உட்கார்ந்தபோது அப்படி இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் அது பத்து நிமிடம் ஆயிற்று, பிறகு மேற்பார்வையாளர் வந்தாலும் நாங்கள் எழவில்லை. உங்களுக்கும் இது தனியாகப் பழகும் விஷயம் அன்று என்று நினைக்கிறேன். உங்கள் பிரிவில் இன்னும் யார் யாருக்கு இரண்டரை மணி விழிப்பு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், மனம் வருந்த வேண்டாம். நீங்கள் வீட்டில் இல்லாத அந்த இரண்டு மாதமும் வீட்டை யார் தாங்கினார்கள்? 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாக வந்தது. நான் கடையிலிருந்து இரவு பத்தரைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தவள் என்பதால், அந்த எண் எனக்கு எண்ணாகத் தெரியவில்லை. அண்ணிக்கும் ஒரு சீசன் முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா என்று கேட்டீர்களா? மருத்துவர் சொன்ன தேதியில்லாத வேலைகளை வீட்டுக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சமையலை நீங்கள் செய்தால் உங்கள் கைக்கும் வேலை கிடைக்கும், அவருக்கும் அரை மணி நேரம் கிடைக்கும்.

தாள்வாசம் (2024 மார்ச் 17)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், முயன்று பார்க்காமல் நன்றி மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

மருத்துவர் ஐயா சொன்னபடி அந்த வாரமே பார்த்தேன். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் 150க்கு 96 இருந்தது. மாத்திரை தொடங்கி, இப்போது இறங்கியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுவதும் கண்மாய்க் கரையில் நடப்பதும் முதல் பத்து நாட்கள் துன்பமாகவே இருந்தன, பகலெல்லாம் கண் எரிந்தது. மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு இடையில் விழிக்காமல் தூங்கினேன். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகள்தான் விழிப்பு வருகிறது. பகல் இரண்டு மணிக்குப் பிறகு தேநீரை விட்டபோது நான்கு நாட்கள் தலைவலி இருந்து, பிறகு போய்விட்டது.

சகோதரி முல்லைநிலத்துக்கு: கேட்டேன். என் மனைவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, டிசம்பரில் மகளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் அரசு மருத்துவமனையில் இருந்ததை என்னிடம் சொல்லவே இல்லை என்றார். வேலை நேரத்தில் சொன்னால் உங்களுக்குப் பதறும் என்று விட்டுவிட்டேன் என்றார். அதைப் பற்றி இங்கே மேலும் எழுத இயலவில்லை. இப்போது காலைச் சமையல் என்னுடையது. அந்த நேரத்தில் அவர் மாடியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். முதல் வாரம் அவராலும் அங்கே உட்கார முடியவில்லை, இரண்டு முறை இறங்கி வந்து உப்பு போட்டேனா என்று கேட்டார்.

அம்மாவிடமும் பேசினேன். அவருக்கு இப்போது எழுபது வயது. நீங்கள் எண்ணும் சத்தம் இன்னும் கேட்கிறது அம்மா என்றேன். அவர் அதை மறுக்கவில்லை. "மழை பேஞ்ச நாளு உனக்கு ஞாபகமில்லையா?" என்று கேட்டார். மழை நாளில் பசை காயாது, ஒட்டிய பெட்டி பிரிந்துகொள்ளும், ஆகவே அன்று யாரும் ஒட்ட மாட்டார்கள். அம்மா கடலை வறுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவார், நாங்கள் தெருத் தண்ணீரில் லேபிள் காகிதத்தில் செய்த கப்பல் விடுவோம். இத்தனை ஆண்டுகளில் அந்த நாட்கள் எனக்கு நினைவில் வரவே இல்லை. வறண்ட ஊர் என்பதால் அவை மிகச் சில நாட்களாகவே இருந்திருக்கும். அந்த நாட்களில் அம்மா எதையும் எண்ணவில்லை.

அச்சகத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து முதலாளியிடம் பேசினோம். மற்ற இருவருக்கும் தூக்கம் இல்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மறு அச்சுக்கு ஆன செலவைத் தாளில் எழுதிக் கொண்டு போனோம். இரவு பத்துக்கு மேல் புரூஃபில் கையெழுத்து இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். நவம்பர் 30 கடைசி நாள் என்பதற்கு, ஆடிப்பெருக்கு வரட்டும், பார்க்கலாம் என்றார். விடுப்பில் ஆறு நாட்கள் எழுதிக் கேட்டேன், கிடைத்தது.

இப்போது புதிய சோதனை. நேற்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. இன்று ஞாயிறு, காலையிலிருந்தே சுவரொட்டி, துண்டறிக்கை வேலைக்கான அழைப்புகள். மூன்று அழைப்புக்கு, நாளை காலை ஒன்பதுக்குப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான்காவது அழைப்பை எடுத்து இருபது நிமிடம் பேசிவிட்டேன். ஆய்வாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: சீசனில் போன ஞாயிறுகளுக்கு ஈடாக விடுமுறை கேட்க முடியுமா, அதற்குக் காலக்கெடு ஏதும் உண்டா?

பழைய ஆய்வாளர் (2024 மார்ச் 17)

உண்டு. முறையாக விலக்கு பெற்று வார விடுமுறையில் வேலை வாங்கும் நிறுவனமே, இழந்த விடுமுறைக்கு ஈடாக அதே எண்ணிக்கையிலான விடுமுறையை அந்த மாதத்திலோ, அடுத்து வரும் இரண்டு மாதங்களுக்குள்ளோ தர வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. உங்கள் அச்சகம் விலக்கு பெற்றதா என்பதை முதலில் கேளுங்கள். பெறவில்லை என்றால் அந்த ஞாயிறுகளில் வேலை வாங்கியதே தவறு, எனவே ஈடு கேட்பதற்கு உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் டிசம்பர் ஞாயிறுகளுக்கான கெடு பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. ஜனவரி 7, 14 ஆகிய இரண்டு ஞாயிறுகளுக்கு மார்ச் 31 வரை காலம் இருக்கிறது. தேர்தல் வேலை சூடு பிடிப்பதற்குள், நாளைக்கே, மூன்று பேரும் தனித்தனிக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.